வீட்டாரா, கிறிஸ்துவா? சீஷத்துவமும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் இரண்டு வசனங்களைச் சுற்றித்தான் ஓடுகிறது: லூக்கா 14:26, மத்தேயு 10:37. கேள்விகளும் இரண்டு பக்கமிருந்து வருகின்றன. வீட்டில் தனியாளாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்தும், ஊழியம், கல்யாணம் என்று வரும்போது வீட்டோடு முட்டிக்கொள்கிறவர்கள் மறுபக்கம். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

இயேசு நிஜமாகவே அப்பா அம்மாவை வெறுக்கச் சொன்னாரா?

புராட்டஸ்டண்ட் சபைகள் வழக்கமாக வாசிக்கும் தமிழ் வேதாகமமான பழைய திருப்புதலில், தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் சகோதரரையும் சகோதரிகளையும் தன் ஜீவனையும் "வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்" என்றுதான் இருக்கிறது. கத்தோலிக்கர் கையிலிருக்கும் திருவிவிலியத்தில் அதே வசனம் "என்னைவிட மேலாகக் கருதினால், அவர் என் சீடராயிருக்க முடியாது" என்று வருகிறது. மூலம் ஒன்றுதான். கிரேக்கத்தில் இருப்பது 'மிசேயோ', அதாவது வெறுப்பது. முதல் மொழிபெயர்ப்பு சொல்லைக் காப்பாற்றியது, அடுத்தது பொருளைக் காப்பாற்றியது.

அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆதியாகமம் 29-ஐத் திறந்து பாருங்கள். 30-ஆம் வசனத்தில் யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசிக்கிறான். அடுத்த வசனத்தில் எபிரெய மூலம் லேயாள் 'வெறுக்கப்பட்டாள்' என்கிறது. நம் பழைய திருப்புதலே அந்த இடத்தில் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று சொல்லை இறக்கிவிட்டிருக்கிறது. 'வெறுக்கப்பட்ட' அந்த மனைவிக்கு யாக்கோபு மூலம் ஆறு மகன்கள் பிறந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருவரில் ஒருவரை முன்னே வைத்தால் மற்றவரை வெறுத்ததாகச் சொல்வது அந்த மொழியின் பேச்சு வழக்கு. மத்தேயு 10:37 "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று இதையே நேராகச் சொல்லிவிடுகிறது.

அதற்காக வசனத்தைத் தண்ணீராக்கிக் குடித்துவிடவும் கூடாது. அந்தப் பட்டியலின் கடைசியில் தன் ஜீவனும் இருக்கிறது. அதைத் தொடர்ந்து வருவது, கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறவனின் உவமை. ஆகவே இது பாசத்தின் அளவைப் பற்றியதை விட, கடைசி முடிவு யார் கையில் என்பதைப் பற்றியது. கிறிஸ்து ஒன்று சொல்லி வீட்டார் வேறொன்று சொன்னால், 'வேண்டாம்' என்று தடுக்கும் அதிகாரம் வீட்டாருக்கு இல்லை. உங்களிடமிருந்து பராமரிப்பைப் பெறும் உரிமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசிச் சிக்கலும் பிறக்கிறது.

அப்படியானால் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளை?

அதை ரத்து செய்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்திருக்கிறார். மாற்கு 7:9-13-இல் வரும் 'கொர்பான்' அதுதான். பெற்றோருக்குப் போக வேண்டிய பணத்தைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்பா அம்மாவுக்கு உதவ வேண்டியதில்லை என்று மதத் தலைவர்கள் விட்டுவிட்டார்கள். தேவனுடைய பெயரைச் சொல்லித் தேவனுடைய கட்டளையையே அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு.

இன்றைக்கும் கொர்பான் உண்டு. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பணமில்லை என்று சொல்லிவிட்டு, கன்வென்ஷன் காணிக்கைக்கு 5,000 ரூபாய் எடுத்து வைப்பது கொர்பான். வாரத்தில் நாலு நாள் முழு இரவு ஜெபம் என்று போய்விட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைத் தூக்கி உட்காரவைக்கும் வேலையைத் தங்கையின் தலையில் கட்டுவதும் கொர்பான்தான். சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தத் தியாகத்தின் விலையைக் கொடுப்பது யார்? நீங்கள் கொடுத்தால் அது சிலுவையாக இருக்கலாம். அம்மா கொடுத்து, பெயர் உங்களுக்கு வந்தால் அது வேறு.

1 தீமோத்தேயு 5:8 இதைவிடக் காரமானது: தன் வீட்டாரை விசாரிக்காதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்". சிலுவையில் தொங்கிய நிலையிலும் இயேசு தாயை யோவான் கையில் ஒப்படைத்ததை (யோவான் 19:26-27) இதோடு வைத்துப் படிக்கலாம்.

சீஷர்கள் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டுத்தானே போனார்கள்?

மாற்கு 1:20-ஐ மெதுவாகப் படியுங்கள். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைக் "கூலியாட்களோடு" படவில் விட்டுப் போனார்கள். தொழில் நின்றுபோகவில்லை, கிழவர் நடுக்கடலில் தனியாகத் தத்தளிக்கவும் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று பிறகு சொன்ன பேதுரு, மாற்கு 1-இன் 29-31 வசனங்களில் மாமியார் ஜுரமாய்க் கிடக்கும் வீட்டுக்குத்தான் இயேசுவைக் கூட்டிப்போகிறார். பல வருஷம் கழித்து எழுதப்பட்ட 1 கொரிந்தியர் 9:5-இல் அவர் ஊழியப் பயணத்துக்கு மனைவியையும் அழைத்துப் போகிறவராக இருக்கிறார்.

"மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்றால் அப்பா சாவுக்குப் போகக்கூடாதா?

போக வேண்டும்.

'முதலில் என் தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன்' என்று கேட்ட ஒருவனுக்கு இயேசு சொன்ன பதில் அது (மத்தேயு 8:21-22). அக்கால யூதர் இறந்த அன்றே அடக்கம் செய்துவிடுவார்கள். அப்பா அன்று காலை இறந்திருந்தால் மகன் வழியில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான். ஆகவே 'அப்பா காலம் முடியும்வரை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன்' என்று அவன் தவணை கேட்கிறான் என்பது ஒரு விளக்கம். எருசலேம் வட்டாரத்தில் சுமார் ஓராண்டு கழித்து எலும்புகளை எடுத்துக் கற்பேழையில் வைக்கும் வழக்கம் இருந்தது, அந்த இரண்டாம் அடக்கத்தைச் சொல்கிறான் என்பது மற்றொன்று. எதை ஏற்றாலும் கண்டிக்கப்படுவது காலம் கடத்துவதுதான்.

நடைமுறைச் சிக்கல் கொள்ளியில் வருகிறது. மூத்த மகன் கிறிஸ்தவனாகிவிட்டான், கொள்ளி யார் வைப்பது? சபைக்குச் சபை நிலைப்பாடு வேறுபடும். நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் உடைப்பது, பிண்டம், பிற்பாடு வருஷத் திதி ஆகியவற்றைச் சடங்கு என்று பெரும்பாலான சுவிசேஷ சபைகள் ஒதுக்குகின்றன. பாடைக்குத் தோள் கொடுப்பதையும், குளிப்பாட்டி வேட்டி உடுத்துவதையும், சுடுகாடுவரை நடப்பதையும் யாரும் குறை சொல்வதில்லை. தீ மூட்டுவது மட்டும் இழுபறியாக இருக்கும். சிலர் அதை வெறும் தகனம் என்பார்கள், சிலர் சடங்கின் உச்சம் என்பார்கள்.

எந்தப் பக்கம் நின்றாலும், பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு இதைப் பேசாதீர்கள். அப்பா நடமாடும்போதே தம்பியிடமோ சித்தப்பா மகனிடமோ "அந்த நேரத்தில் நீ முன்னால் நில், நான் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். முடிந்தால் அப்பாவிடமே சொல்லலாம். அவர் திட்டுவார், ஆனால் பிள்ளை ஒளித்துவைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். சாவுச் செலவில் உங்கள் பங்கை யாரும் கேட்குமுன் கொடுங்கள். காரியம் வரைக்கும் வரும் சொந்தங்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், பந்தல், அம்மாவின் பக்கத்தில் ராத்திரி படுத்துக்கொள்வது என்று செய்வதற்கு நிறைய இருக்கிறது. கொள்ளி வைக்காத மகனை ஊர் மன்னித்த வீடுகள் உண்டு. தெருமுனையில் பைபிளோடு நின்றுவிட்டுப் போன மகனை மன்னித்த வீடு அரிது.

வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. எப்போது, எப்படிச் சொல்வது?

மூன்றாவது மனிதர் சொல்லித் தெரிவதற்கு முன்னால். எதிர்வீட்டு அக்கா "உங்க பொண்ணைச் சர்ச் வாசலில் பார்த்தேன்" என்று சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தால், விசுவாசத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் போய், 'பொய் சொல்லி ஏமாற்றினாய்' என்பதே வழக்காகிவிடும்.

வீட்டில் யார் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பாரோ அவரிடம் முதலில், தனியாகச் சொல்லுங்கள். அநேக வீடுகளில் அது பாட்டி அல்லது தாய்மாமா. கல்யாணம், தேர்வு, ஆஸ்பத்திரி நடக்கிற மாதத்தைத் தவிர்க்கவும். பேச்சு நீளக்கூடாது. என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று இரண்டே விஷயம். "இயேசுவை வணங்குகிறேன். உங்கள் மகளாக இருப்பதும், மாசம் நான் தரும் பணமும், தங்கச்சியின் ஃபீஸும் மாறாது." அவர்கள் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். முதல் பேச்சிலேயே 'பிசாசு', 'விக்கிரகம்' என்ற சொற்கள் வந்துவிட்ட வீடுகளில், பிறகு பத்து வருஷம் பேசினாலும் அந்த ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெடிக்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில்தான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், கறி எடுப்பார்கள். நீங்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் யாருக்கும் எரியும். நகரத்துச் சபைகள் பலவற்றில் அதிகாலை ஆராதனை உண்டு. அதற்குப் போய்விட்டு எட்டரைக்குத் திரும்பி வெங்காயம் உரிக்க உட்காரலாம். விசுவாசத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் சண்டையில் பாதியைக் குறைக்கும் வழி இது.

லூக்கா 12:52-53-இல் ஒரே வீட்டில் பிரிந்து நிற்கும் ஐந்து பேரை எண்ணிப் பார்த்தால் ஒன்று தெரியும்: தகப்பன், தாய், மகன், மகள், மருமகள். தாய்தான் மாமியாரும், அதனால் ஐந்து. மோதல் முழுக்கப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில். கூட்டுக் குடும்பத்துக்குள் மருமகளாகப் போய் விசுவாசத்துக்கு வந்த பெண்ணின் நிலைமை அன்றைக்கே பட்டியலில் இருக்கிறது.

படையல் சோறு, திருநீறு, கோயில் வரி... கோடு எங்கே போடுவது?

பவுல் 1 கொரிந்தியர் 10:25-28-இல் கொடுக்கும் வழி இன்றும் ஓடுகிறது. முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு. 'இது படைத்தது' என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பொங்கலன்று அம்மா பரிமாறும் சோறும், பூசாரி கையில் கொடுக்கும் பிரசாதமும் இந்தக் கணக்கில் ஒன்றல்ல. மறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முகத்தைச் சுளிக்காமல், "நான் எடுத்துக்கறதில்லை சித்தி, தம்பிக்குக் குடுங்க" என்றால் போதும்.

குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அது வழிபாட்டுப் பணமாகவும் ஊரில் நீ ஒரு ஆள் என்பதற்கான அடையாளமாகவும் இருக்கிறது. கோயில் கணக்குக்குத் தராமல், அதே தொகையை அல்லது கொஞ்சம் கூடுதலாக ஊர்ப் பள்ளிக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தருவதாக முன்கூட்டியே நாட்டாமையிடம் சொல்லும் வழியைப் பலர் கையாள்கிறார்கள். வரியைத் தட்டிக்கழிக்க மதத்தைச் சாக்குச் சொல்கிறான் என்ற பேச்சு அதோடு அடங்கும்.

எது சமயம், எது வெறும் ஊர் வழக்கம் என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, குடுமியும் சந்தனமும் பூணூலும் சமூக அடையாளங்கள் என்று வாதாடி 1623-இல் ரோமின் அனுமதி பெற்றார். 1744-இல் ரோம் அதே விஷயத்தில் கயிற்றை இறுக்கியது. அவ்வளவு பெரிய மூளைகளே நூறு வருஷம் சண்டை போட்ட இடம் இது. உங்கள் சபைப் பெரியவர்களும் நீங்களும் ஒரு பொட்டு விஷயத்தில் ஒத்துப்போகாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. 2 இராஜாக்கள் 5:18-19-இல் நாகமான் தன் ராஜாவோடு ரிம்மோன் கோயிலில் குனிய நேருமே என்று தயங்கியபோது எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார்.

எனக்கு இன்னும் 18 ஆகவில்லை.

ஞானஸ்நானத்தை அவசரப்படுத்தாதீர்கள். பெற்றோர் அனுமதியில்லாமல் சிறுவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை, உங்களுக்கும் சபைக்கும் சேர்த்துச் சிக்கலை விலைக்கு வாங்குகிறது. ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் யாராலும் தடுக்க முடியாது. "கர்த்தருக்குள்" கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 6:1 உங்கள் வயதுக்குத்தான் முதலில் பொருந்தும். படிப்பை விடுவதும், வீட்டை விட்டு ஓடுவதும் சீஷத்துவம் அல்ல.

கணவர் விசுவாசி இல்லை. பிரிந்துவிடலாமா?

1 கொரிந்தியர் 7:12-13: சேர்ந்து வாழ அவருக்குச் சம்மதமென்றால் நீங்கள் பிரியக்கூடாது. அவரே பிரிந்து போனால் போகட்டும் (7:15). லூக்கா 14-இன் பட்டியலில் மனைவி இருப்பதைக் காட்டி, விசுவாசத்துக்கு வராத துணையை விட்டுவிடலாம் என்று போதிப்பவர்கள் பவுலின் இந்த வரியைத் தாண்டித்தான் போதிக்க வேண்டும்.

இங்கே தேவைப்படுவது வருஷக்கணக்கான பொறுமை. மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895-இல் ஞானஸ்நானம் பெற்றபோது மனைவி லட்சுமிபாய் உடைந்துபோனார். இருவரும் சில வருஷம் பிரிந்திருந்தார்கள். பிறகு சேர்ந்து வாழ வந்தபோதும் லட்சுமிபாய் சமையலில் ஆசாரம் பார்த்தார். 1900-இல்தான் அவர் ஞானஸ்நானம் பெற்றார். எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பவுலும் கொடுக்கவில்லை. "இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்" என்கிற தொனியில்தான் 7:16 முடிகிறது.

நடைமுறையில் அதிகம் தவறுவது மூன்று இடங்களில். கணவரின் சம்பளத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் தசமபாகம் எடுப்பது: அது திருட்டு, உங்கள் சொந்த வருமானத்திலிருந்து மட்டும் கொடுங்கள். வீட்டுச் சண்டையைச் சாட்சி நேரத்தில் மைக்கில் சொல்வது: அன்று மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும். அவர் வேலைவிட்டு வரும் நேரத்தில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது: சோபா முழுக்க ஆட்கள், அவர் சட்டையைக் கழற்றக்கூட இடமில்லாமல் நிற்பார். 1 பேதுரு 3:1 "போதனையின்றி" நடக்கையால் ஆதாயப்படுத்தச் சொல்வது இதற்குத்தான்.

ஞானஸ்நானம் எடுத்தால் சொத்தில் பங்கு போய்விடுமா?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, மதம் மாறியதற்காக உங்கள் வாரிசுரிமை போகாது. ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மதம் மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் உங்கள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் மட்டும் விலக்கு. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அதில் உங்களுக்குக் கேள்வி இல்லை. பூர்வீகக் கூட்டுச் சொத்து தனிக் கணக்கு. அதை வக்கீலிடம் பத்திரத்தோடு காட்டிக் கேளுங்கள், பாஸ்டரிடம் கேட்காதீர்கள்.

இந்துத் திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் கீழ், துணை மதம் மாறியதைக் காரணம் காட்டி மற்றவர் விவாகரத்து கேட்கலாம். மாறியவர் அதையே காரணம் காட்டிக் கேட்க முடியாது. கல்யாணம் தானாக முறிந்துவிடுவதும் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் மனைவி தனியாக ஜீவனாம்சம் கேட்கும் உரிமை, அவர் இந்துவாக இல்லாமல் போனால் போய்விடும். மதம் பார்க்காத குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் (2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கீழ்) கேட்கும் வழி தனியாக இருக்கிறது.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்களுக்கு இழப்பு இன்னும் நேரடியானது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். சான்றிதழில் இந்து, சபையில் கிறிஸ்தவர் என்று இரட்டை வாழ்க்கை நடத்துவோர் ஏராளம், அதன் காரணமும் எல்லாருக்கும் தெரியும். சலுகையை இழக்காத வசதியான விசுவாசிகள் அவர்களுக்கு உபதேசிப்பதைக் கொஞ்சம் நிறுத்தலாம். ஆனால் முடிவு எடுக்கிறவர் விலையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். செலவைக் கணக்குப் பார் என்றது இதற்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். இந்த வசனம் எங்களுக்கு எங்கே பொருந்துகிறது?

கல்யாணத்தில்.

தேவனுக்கு முதலிடம் என்று வீட்டு வாசலில் வசனப் பலகை மாட்டியிருக்கும் குடும்பம், வரன் விளம்பரத்தில் முதல் சொல்லாகச் சாதியைப் போடுகிறது. 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற' என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். குடும்பத்தைக் கிறிஸ்துவுக்கு மேல் வைப்பது என்றால் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே முதலில் சுட்ட வேண்டியது இதைத்தான். மதம் மாறிய பையனின் கோயில் வரி அதற்கு ரொம்பப் பின்னால்.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்டன் 1745-இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சாதி பாராமல் பழகினார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குறைகளில் ஒன்று. அதே வடக்கன்குளத்துத் தேவாலயத்துக்குள் சாதிகளைப் பிரிக்கும் சுவர் பின்னால் எழுந்தது, 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. உறவுக்காரர் முகத்துக்காகக் கிறிஸ்துவைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று வேண்டியதில்லை.

சாதி தாண்டிய வரனையோ, வரதட்சணை இல்லாத கல்யாணத்தையோ விரும்பும் பிள்ளைக்கு யோசனை: பெற்றோரிடம் ஒரு வருஷமாவது பேசுங்கள், சபைப் பெரியவர் ஒருவரை நடுவில் வையுங்கள். ஓடிப்போய்ச் செய்வதைவிட இது மெதுவானது, ஆனால் அம்மா அப்பாவுக்குத் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கும். அவர்கள் மறுப்பதற்குச் சாதி ஒன்றுதான் காரணம் என்பது தெளிவானபின், கீழ்ப்படிய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு. வீட்டில் அம்மா தனியாக, கடனும் இருக்கிறது.

கடனை அடைக்கும்வரை காத்திருங்கள். தகப்பனை அடக்கம்பண்ணத் தவணை கேட்டவனும் நீங்களும் ஒன்றல்ல. அடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே கீழ்ப்படிதல்தான்.

ஒரு தாளில் எழுதுங்கள்: நகைக் கடன், கல்விக் கடன், வட்டிக்கு வாங்கியது, ஒவ்வொன்றும் எவ்வளவு, எப்போது முடியும். அம்மாவின் மாதச் செலவு, மருந்து உட்பட. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் சேர்த்தபிறகு வேலையை விடுவது பாதுகாப்பு. ஊழியத்தில் மாதம் 15,000 ரூபாய் வரும் என்றால் அதில் அம்மாவுக்கு எவ்வளவு என்பதை முதல் மாதத்திலேயே நிர்ணயித்து, அந்தத் தேதியில் அனுப்புங்கள். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கர்த்தர் பார்த்துக்கொள்ள ஏற்படுத்திய ஆள் நீங்கள்தான். உடன்பிறந்தவர்களோடு யார் என்ன செய்வது என்று பேசி முடித்துக்கொள்வதும் இதில் சேரும்.

மனைவிக்குச் சம்மதமில்லாமல் புறப்படாதீர்கள். வேதத்தை இந்திய மொழிகளில் பெயர்த்த மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டோரதி இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர். 1793-இல் வற்புறுத்தலின்பேரில் வந்தார். அடுத்த வருஷம் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டோரதியின் மனநிலை தவறி, 1807-இல் மரணம்வரை தேறவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புப் பட்டியலைச் சொல்லும் பிரசங்கங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஊழியம் கிறிஸ்து அல்ல. கிறிஸ்துவை முன்னே வைப்பதாக நினைத்துக்கொண்டு வேலையை முன்னே வைப்பது ஊழியக்காரருக்கே உரிய சறுக்கல்.

எங்கள் பாஸ்டர் வீட்டாரோடு பேச்சையே நிறுத்தச் சொல்கிறார்.

உறவைத் துண்டிக்கச் சொல்லும் எந்த வசனமும் புதிய ஏற்பாட்டில் பெற்றோரைக் குறித்து இல்லை. வீட்டார் உங்களைத் தள்ளுவது ஒன்று, நீங்கள் வீட்டாரைத் தள்ளுவது வேறு. கூடவே இவையும் நடக்கிறதா பாருங்கள்: சம்பளம் முழுவதையும் சபைக்குக் கேட்பது, போனை வாங்கி வைப்பது, வேறு சபை விசுவாசிகளோடு பேசவிடாதது, கல்யாண முடிவைத் தலைவரே எடுப்பது. இரண்டு இருந்தாலே வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். 'கிறிஸ்துவுக்கு முதலிடம்' என்பது மெல்ல மெல்ல 'எனக்கு முதலிடம்' ஆகியிருக்கும்.

அப்பா அழுது காலில் விழுகிறார். எப்படித் தாங்குவது?

கி.பி. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இரத்தசாட்சியாக மரித்த பெர்பெத்துவாவுக்கு வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. அப்பா கெஞ்சியபோது, அங்கே கிடந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார். அதுபோல நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்றாள். பிறகு அவர் அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று அழைக்காமல் சீமாட்டியே என்று அழைத்து அழுதார். விசாரணை மேடையில் அவரை அடித்தபோது, தன்னையே அடித்ததுபோல் வலித்தது என்று சிறைக் குறிப்பில் எழுதிவைத்தாள்.

அவள் முடிவை மாற்றவில்லை, அப்பாவின் வலியை அற்பமாக்கவும் இல்லை. அழும் அப்பாவிடம் வசனம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள். பதில் அன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை.

அடிக்கிறார்கள், அறையில் பூட்டுகிறார்கள்.

அதைச் சிலுவை என்று சுமக்க வேண்டிய கட்டாயமில்லை. "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்பதும் மத்தேயு 10-இல்தான் இருக்கிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. ஆதார், கல்விச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இவற்றின் நகலை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் வைத்திருங்கள். அசல் சான்றிதழை அடகுபோல வைத்து மிரட்டுவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். சபை என்ன செய்ய வேண்டும்?

மாற்கு 10:29-30 வீட்டை விட்டவனுக்கு "இப்பொழுது இம்மையிலே" வீடுகளும் சகோதரரும் தாய்களும் நூறத்தனையாகக் கிடைக்கும் என்கிறது. வானத்திலிருந்து வீடு விழாது, சபையார் வீட்டுக் கதவு திறந்தால்தான் அந்த வசனம் நிறைவேறும். 29-ஆம் வசனத்தில் விட்டவர்களின் பட்டியலில் தகப்பன் இருக்கிறார், 30-இல் கிடைப்பவர்களில் தகப்பன் இல்லை. புதுக் குடும்பத்தில் அந்த நாற்காலி தேவனுக்குரியது என்று வியாக்கியானம் செய்வார்கள். தன்னை 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லும் பாஸ்டர்கள் கவனிக்கலாம்.

செய்ய வேண்டியது: முதல் மூன்று மாதத்துக்குத் தங்க இடம், அதுவும் போதகர் வீட்டில் அல்லாமல் ஒரு குடும்பத்தோடு. பெண்பிள்ளை என்றால் இது இரட்டிப்பு முக்கியம். ஒரு வேலை அல்லது படிப்பைத் தொடர வழி. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முறைவைத்து நாலு வீடு. கிறிஸ்மஸ் அன்று ராத்திரி தனியாக விடாமல் இருப்பது. செய்யக்கூடாதது: அவரை மேடைமேடையாக ஏற்றிச் சாட்சி சொல்லவைப்பது. வீடியோ வீட்டாருக்குப் போய்ச் சேரும், திரும்பும் வழி அடைபடும்.

"இனி நீ எங்களுக்குச் செத்தவள்" என்று சொல்லிவிட்டார்கள். தொடர்ந்து போன் செய்யலாமா?

செய்யுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். எடுக்காவிட்டால் அடுத்த வாரம், நடுவில் பத்துத் தடவை அடிக்காதீர்கள். எடுத்தால் ஐந்து நிமிஷத்துக்குமேல் வேண்டாம். மூட்டுவலி எப்படி இருக்கிறது, மாடு கன்று போட்டதா, அண்ணன் குழந்தை நடக்கிறதா. சபையைப் பற்றி அவர்களே கேட்டால் ஒழியப் பேச வேண்டாம். மாதப் பணத்தை நிறுத்தாதீர்கள், திருப்பி அனுப்பினால் அவர்கள் பெயரில் அஞ்சலகக் கணக்கில் போட்டு வையுங்கள். சில வீடுகளில் பேரக்குழந்தை பிறந்த செய்திக்குத்தான் முதல்முறை எதிர்முனையில் குரல் வரும், பெரும்பாலும் அம்மா குரல், அப்பா வயலுக்குப் போயிருக்கும் நேரத்தில்.